மாமியாருக்குச் சொன்ன சரி

ஓடில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய அன்றே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பையோடு இறங்கியிருந்தால் பரவாயில்லை, ஒரு ஜாடி நிறையப் புளித்த மாவோடு இறங்கினாள். ரொட்டி சுடுவதற்காம். வருஷக்கணக்காக என் பான்கேக்கைத் தின்றுவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டியவர்கள் எல்லாம் மறுவாரமே அவளுடைய ரொட்டிக்குத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்கள். லோர்னும் நின்றார். அவர்தான் விடுதியின் முதலாளி. என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான்.

ரொட்டியோடு நின்றிருந்தால் நானும் ஒரு துண்டைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஓடில் கியூபெக்கில் பிறந்தவள், ஆல்ப்ஸில் வேலை பார்த்தவள், என் வயதுதான் இருக்கும். அவள் ஸ்கீ கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி இறங்குவதைப் பார்த்தால் பனி அவளுக்கென்று வழிவிடுவது போல இருக்கும். விருந்தாளிகள் அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். எனக்கு யாரும் கைதட்டியதில்லை. நான் அவர்களை முழு உடம்போடு கீழே கொண்டுவந்து சேர்ப்பேன், அவர்கள் என்னிடம் சூப் எப்போது என்று கேட்பார்கள்.

செல்கர்க் மலையில் எங்கள் விடுதிக்குச் சாலை கிடையாது. சனிக்கிழமை ஹெலிகாப்டர் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு, போன வாரத்துக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகும். மற்ற நாளெல்லாம் நாங்கள் மூன்று வழிகாட்டிகளும் அவர்களை மலைமேல் நடத்திக் கூட்டிப்போய், யாரும் தடம் பதிக்காத சரிவுகளில் இறக்கிவிட வேண்டும். லோர்னின் முட்டிகள் இரண்டும் தேய்ந்துவிட்டன. இந்த வசந்தத்தோடு தலைமை வழிகாட்டி இடத்தை விட்டுக்கொடுக்கப் போவதாக அவர் அறிவித்திருந்தார். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடில் வரும்வரை எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

தினமும் விடிகாலையில் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் மூவரும் கூடுவோம். சுவரில் எங்கள் சரிவுகளின் பெரிய புகைப்படம் இருக்கிறது. லோர்ன் ஒவ்வொரு சரிவாகப் பெயர் சொல்லுவார். மூவரும் "சரி" என்றால் பச்சைக் குண்டூசி. ஒருவர் "இல்லை" என்றாலும் சிவப்பு, அன்றைக்கு அந்தச் சரிவில் யாரும் இறங்கக் கூடாது, ஓரத்தில் குழி தோண்டிப் பனியைச் சோதித்தால் மட்டும் தப்பில்லை. ஏன் இல்லை என்று கேட்கவும் கூடாது. மலையில் சில சமயம் வயிற்றில் ஒன்று தோன்றும், வாயில் சொல்ல வராது. வாயில் சொல்ல வராததால் ஒருவன் செத்துப்போகக் கூடாது என்று லோர்ன் வைத்த விதி அது.

அந்தப் படத்தில் நடுநாயகமாக இருக்கும் சரிவுக்குப் பெயர் மாமியார். யாரோ ஒரு மருமகன் வைத்த பெயர். பார்க்க அமைதியாக இருக்கும், எப்போது வெடிக்கும் என்று தெரியாது. அவளுக்கு மட்டும் பச்சை விழுந்தால் அந்த வாரத்து விருந்தாளிகள் ஆயுள் முழுக்க அதையே பேசுவார்கள்.

ஜனவரியில் ஒரு வாரம் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட குளிர் இரவுகளில் பனியின் மேல் செதில் முளைக்கும். கண்ணாடி இறகுகள் நட்டுவைத்தாற்போல், நகத்தளவு, பார்க்க அவ்வளவு அழகு. விருந்தாளிகள் குப்புறப் படுத்துப் போட்டோ எடுத்தார்கள். நாங்களோ புதுப்பனி வருமா என்று வானத்தைப் பார்த்தோம். செதில்கள் நின்றபடியே இருக்க, மேலே புதுப்பனி விழுந்து மூடிவிட்டால் வந்தது வினை. சீட்டுக்கட்டில் வீடு கட்டி அதன்மேல் கான்கிரீட் போட்ட கதைதான். ஒரு ஆள் மிதித்தால் போதும், மொத்தமும் பெயர்ந்து வரும். காற்று அடித்த இடத்தில் செதில்கள் உடைந்து போயிருக்கும், பயமில்லை. காற்று புகாத பள்ளத்தில் அப்படியே நிற்கும். எங்கே நிற்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஜனவரி பத்தொன்பதில் புதுப்பனி விழுந்து செதில்களை மூடியது. மூடிய தேதியைத்தான் அந்த அடுக்குக்குப் பெயராக வைப்போம். இது "பத்தொன்பது". பிப்ரவரி பிறந்த பிறகும், நோயில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பது போல, "பத்தொன்பது எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஓடில் முதல்முறை மாமியாரைக் கேட்டபோது நான் இல்லை என்றேன். உண்மையாகவே சந்தேகம் இருந்தது. இரண்டாம் முறை பாதிச் சந்தேகம், பாதி எரிச்சல். மூன்றாம் முறை அவள் முகம் வாடுகிறதா என்று பார்க்கத்தான் சொன்னேன். எங்கே வாடியது! "சரி, அப்போ இல்ல" என்று விசிலடித்துக்கொண்டே அவளே போய்ச் சிவப்பைக் குத்தினாள். நாலாவது முறையும் அதே விசில். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அந்த வாரக் கூட்டத்தில் கல்கரியிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். வாய்க்குள் கைவிட்டுப் பழகியதாலோ என்னவோ, எதிலும் தலையை விட்டுவிடுவார். வியாழக்கிழமை மதியம் என் கூட்டம் மாமியாரின் ஓரத்து மரங்களுக்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. ஓடில் ரொட்டிதான். நான் மண்வாரியை எடுத்துக்கொண்டு, சரிவின் நடுப்பள்ளத்தை ஒட்டினாற்போல் ஒரு இடத்தில் குழி தோண்டினேன். மார்பளவு தோண்டி, குழியின் சுவரில் ஒரு பனித்தூணை அறுத்து, அதன் தலையில் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். எவ்வளவு தட்டினால் உடைகிறது, எந்த அடுக்கில் உடைகிறது என்று பார்ப்போம்.

நான் தட்டவே இல்லை. அறுத்து முடிக்கும்போதே மேல்பாதி மேசை இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. அடியில் பத்தொன்பது நின்றுகொண்டிருந்தது. ஒரு செதில்கூட உடையவில்லை.

எனக்கு வந்தது சந்தோஷம். அதை எப்படி மறைப்பது? ஓடில் நாலு நாளாக மேலே காற்றடித்த விளிம்பில் தோண்டிவிட்டு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதோ என் மடியில் இருக்கிறது.

"என்ன மேடம், கிடைச்சுதா?" என்று மேலிருந்து குரல் வந்தது. பல் டாக்டர், வாய் நிறைய ரொட்டியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கிடைச்சுதா?"

"ஓடிலை மடக்க ஏதாவது. அதுக்குத்தானே இவ்வளவு நேரம் இடம் தேடினீங்க? இங்க நின்னீங்க, அங்க நின்னீங்க, கடைசில நிழலா ஒரு மூலையாப் பார்த்துத் தோண்டினீங்க. நாங்க பந்தயம் கட்டிட்டிருந்தோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழியை மூடினேன். காது மடல் இரண்டும் தீயாய் எரிந்தது.

எரிந்ததற்குக் காரணம், அவர் சொன்னது உண்மை. நான் தேடித்தான் தோண்டினேன். எங்கே குற்றம் இருக்குமோ அங்கேதான் போனேன். மாமியார் முழுவதும் இப்படி இருக்கிறாளா, இல்லை நான் வேண்டிக்கொண்டு தோண்டிய இந்த ஒரு மூலை மட்டும்தான் இப்படியா? வழியெல்லாம் இதே கேள்விதான். எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது.

சாயங்காலம் ஈர பூட்ஸும் காலுறையும் காயப்போடும் அறையில் லோர்ன் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் நுழைந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"மார்னி, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"மாமியாருக்கு நாலு தடவை இல்லன்ன. அது பனி மேல வந்த சந்தேகமா, ஓடில் மேல வந்ததா?"

இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் காரணம் கேட்டதில்லை. அவர் வைத்த விதியை அவரே என்னிடம்தான் முதலில் உடைத்தார்.

"என்னைப் பார்த்தா பொறாமைக்காரி மாதிரியா இருக்கு உங்களுக்கு?"

"மாதிரி என்னம்மா மாதிரி. அவ விசிலடிச்சா உன் முகம் போற போக்கைப் பார்த்தா நம்ம நாய்கூட நகர்ந்து படுக்குது."

"உங்க ஆசைப் பொண்ணு எங்க கேட்டாலும் பச்சையக் குத்திடணும், அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொன்னேனா? சும்மா கேட்டேன். விடு." அவர் தைல டப்பாவை மூடினார். "எனக்கு அப்புறம் இங்க உக்காரப்போறவங்களுக்கு மனசு சுத்தமா இருக்கணும். அதுக்குத்தான்."

குழியைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நினைப்பார்? "பார்த்தியா, தோண்டிக் கண்டுபிடிச்சுட்டு வந்துட்டா" என்று நினைப்பார். காலுறைகளைக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வானம் நீலமாக இருந்தது. லோர்ன் ஒவ்வொரு சரிவாகப் படித்து மாமியாரில் வந்து நின்றார்.

"ஓடில்?"

"என் பக்கம் சரி. மேல் விளிம்புல பத்தொன்பது இல்லவே இல்ல. காத்து துடைச்சிட்டுப் போயிருக்கு. நடுப்பள்ளம்தான் எனக்குத் தெரியல. அந்தப் பக்கம் யாராவது தோண்டியிருந்தா நல்லாருக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் காபியைக் குடித்தேன். காபி ஆறியிருந்தது.

"மார்னி?"

சொல் நாக்கின் நுனியில் இருந்தது. கூடவே தைல வாசனையும், பல் டாக்டரின் சிரிப்பும் இருந்தன. இல்லை என்றால் நான் பொறாமைக்காரி. சரி என்றால் பெரிய மனுஷி. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இவளுக்கு முன்னால் பெரிய மனுஷியாக இருந்து பார்க்கலாமே என்று தோன்றியது. அந்த ஆசையும் பொறாமைதான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

"சரி," என்றேன்.

லோர்ன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரியா?"

"சரின்னா சரிதான். எத்தனை தடவை சொல்றது?"

"நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போயாச்சுன்னா எனக்கென்ன," என்று அவர் பச்சைக் குண்டூசியைத் தேடினார்.

ஓடில் எழுந்துவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உன் வாயால ஒரு சரி வாங்க இந்த ஜென்மம் போதாதுன்னு நினைச்சேன்டி!"

அவள் மேல் ரொட்டி வாசனை அடித்தது. எனக்கு உள்ளம் கொஞ்சம் குளிர்ந்தது என்பதும் உண்மை. மனசு பெரிதானால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியாரின் தலைக்கு நாங்கள் ஏறிச் சேர்ந்தபோது வெயில் நன்றாக வந்திருந்தது. ஓடில் முதலில் தனியாக இறங்குவது, அவள் கீழே பத்திரமாக நின்று குரல் கொடுத்த பிறகு நான் ஒவ்வொருவராக அனுப்புவது என்று ஏற்பாடு. லோர்ன் தன் கூட்டத்தோடு பக்கத்து மேட்டில் இருந்தார்.

"மார்னி, பார்த்துட்டே இரு," என்றாள் ஓடில்.

"வேற என்ன வேலை எனக்கு? போ."

அவள் போனாள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பல் டாக்டர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவள் பின்னால் எழும்பிய பனித்தூளில் வெயில் பட்டு மின்னியது. எனக்கு வயிறு எரிந்தது. எப்படி இறங்குகிறாள் பாவி, எனக்கு ஏன் இது வரவில்லை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் நடுப்பள்ளத்துக்குள் நுழைந்தாள்.

"வும்" என்று ஒரு சத்தம் காலுக்கடியில் வந்தது. சத்தம் பெரிதில்லை, மாடியில் யாரோ மூட்டையை இறக்கிய மாதிரி. அவளுக்கு மேலே பனியில் ஒரு விரிசல் விழுந்து இரண்டு பக்கமும் ஓடியது. மாமியார் மொத்தமாக உடைந்து நகர்ந்தாள்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. "நான் பார்த்தது சரி" என்று வந்தது. ஒரு நொடிகூட இருக்காது. ஆனால் அதுதான் முதலில் வந்தது.

பிறகு கை தானாக வேலை செய்தது. அவள் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கண்ணால் பிடித்துவைத்தேன். வாக்கி-டாக்கியில் லோர்னைக் கூப்பிட்டேன். "யாரும் அசையாதீங்க!" என்று விருந்தாளிகளிடம் கத்தினேன். பனி ஓடி முடிந்து வெறும் தளமாகக் கிடந்த சரிவில் இறங்கினேன். புதைந்தவரின் சிக்னலைப் பிடிக்க எல்லோரும் மார்பில் கட்டியிருக்கும் பீக்கன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினேன். அது கீழே பனிக்குவியலின் பக்கம் இழுத்தது. சத்தம் கூடக்கூட நானும் வேகமாகப் போனேன். மண்டி போட்டுத் துழாவுகோலைக் குத்தினேன். பனி, பனி, பனி. அப்புறம் மெத்தென்று ஒன்று தட்டியது.

எப்படித் தோண்டினேன் என்று தெரியாது. ஓடிப்போன பனி இறுகிவிட்டால் சிமெண்டுதான். "சாகாதடி, செத்துத் தொலைச்சுடாத, செத்தும் நீதான் ஜெயிப்பியா?" என்று கத்திக்கொண்டே வெட்டினேனாம். பிறகு லோர்ன் சொன்னார். முதலில் ஒரு கையுறை தெரிந்தது, பிறகு தலைக்கவசம். முகம் நீலம் பாரித்திருந்தது. வாயிலிருந்த பனியை விரலால் தோண்டி எடுத்தேன். மூச்சு இல்லை. என் மூச்சை ஊதினேன். மறுபடி ஊதினேன். அவள் இருமினாள்.

லோர்ன் எப்படித்தான் அந்த முட்டிகளோடு வந்தாரோ, வந்துவிட்டார். இரண்டு பேருமாக அவளை வெளியே எடுத்தோம். வலது கால் தொடைக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. கட்டுப்போட்டு, பைகளில் இருந்த கம்பளி எல்லாவற்றையும் சுற்றினோம். ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. இனிக் காத்திருப்பதுதான் வேலை. லோர்ன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மத்தவங்க?" இதுதான் அவள் பேசிய முதல் பேச்சு.

"எல்லாரும் மேலயே இருக்காங்க. நீ மட்டும்தான்."

"நல்லது." வலியில் பல்லைக் கடித்தாள். "பள்ளத்துலதானே விட்டுச்சு?"

"ஆமா," என்றேன்.

"ச்சே. அந்த இடம் எனக்கு உறுத்திட்டேதான் இருந்துச்சு. நீ சரின்னதும் விட்டுட்டேன்."

"நான் சரின்னா? ஏன், நான் என்ன பெரிய இவளா?"

"ஆமாடி, நீதான். உனக்குத்தான் என்னைக் கண்டா ஆகாதே." அவள் சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும் என்பது போல. "வந்த அன்னிக்கே தெரியும். நான் எங்க தப்பு பண்ணுவேன்னு உன் கண்ணு என் மேலயே இருக்கும். மலையில இதைவிட நல்ல காவல் எங்க கிடைக்கும்? என்னைப் பிடிச்சவங்க என் தப்பைப் பார்க்க மாட்டாங்க. நீ விட மாட்ட. போன மாசமே இவர்கிட்ட சொல்லிட்டேன், தலைமை இடத்தை மார்னிக்குக் குடுங்க, அவ கீழ நான் வேலை பாக்கறேன்னு. கேளு."

நான் லோர்னைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். "நானும் சரின்னுட்டேன்," என்றார்.

"அதான்," என்றாள் ஓடில். "நீயே தேடி உனக்கே ஒரு குத்தமும் கிடைக்கலன்னா, அங்க குத்தமே இல்லன்னு நினைச்சேன். உன் பொறாமைய நம்பித்தான் இறங்கினேன்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் குழியை நானே மூடிவிட்டேன், மிச்சத்தை மாமியார் மூடிவிட்டாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. பனிக்குப் புத்தி கிடையாது, யாரால் என்ன செய்ய முடியும் என்று மூவரும் பெருமூச்சு விட்டிருப்போம். அந்த இடம் எனக்கு வந்திருக்கும்.

"கிடைச்சுது," என்றேன்.

"என்ன?"

"குத்தம். நேத்து மதியம் பள்ளத்தோரம் தோண்டினேன். அறுக்கும்போதே வழுக்கிட்டு வந்துச்சு. பத்தொன்பது அப்படியே நிக்குது."

லோர்னின் கை அவள் நெற்றியில் அப்படியே நின்றது.

ஓடில் கண்ணை மூடித் திறந்தாள். "அப்புறம் ஏண்டி சொல்லல?"

"பொறாமைல சொல்றேன்னு நினைப்பீங்கன்னு."

அவள் என்னையே பார்த்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். விலா வலித்து முனகினாள், முனகிவிட்டு மறுபடி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"பைத்தியமே! நாலு தடவை பொறாமைலதானே சொன்ன? நாங்க ஏதாவது கேட்டோமா? அஞ்சாவது தடவையும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நான் கேட்டேன்," என்றார் லோர்ன் மெதுவாக. "கேக்கக் கூடாததை நான்தான் கேட்டேன்."

ஹெலிகாப்டர் வந்தது. அதன் காற்றில் பனி எழும்பி எங்கள் மூவர் மேலும் கொட்டியது. அவளை ஏற்றினோம். கதவை மூடும் முன் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உன் 'இல்ல'ய நான் என்னிக்கும் நம்புவேன், மார்னி. 'சரி'யைத்தான் இனி யாரும் நம்ப மாட்டாங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்திருப்பேன். மெதுவாக, எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னாள். மேலே வரிசையாக நின்ற விருந்தாளிகள் அவளுக்குக் கையசைத்தார்கள். பல் டாக்டர் அழுதுகொண்டிருந்தார்.

லோர்ன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வசந்தத்துக்குள்ள கால் கூடிடும் அவளுக்கு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"கூடிடும்," என்றேன். அவர் என்ன சொல்கிறார் என்பது புரிந்தது. தலைமை இடம் இனி அவளுக்குத்தான்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. ஹெலிகாப்டர் மலைக்குப் பின்னால் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் உடைந்து, மூச்சு நின்று திரும்பி, அதற்குக் காரணமானவள் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும்போது அவளால் சிரிக்க முடிந்தது. என்னால் முடிந்திருக்காது. அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.